வகுப்பு இலவசம், வழித்துணை யாரு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு கேள்வியில ஆரம்பிக்கலாம்.

உங்க கையில இருக்கிற போன்ல ஒரு ஐஐடி பேராசிரியர் நடத்துற முழு செமஸ்டர் வகுப்பு இருக்கு. இயற்பியல் வேணுமா, இலக்கியம் வேணுமா, நிர்வாகவியல் வேணுமா, ஆசிரியர் பயிற்சி வேணுமா, எல்லாமே இருக்கு. கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு கிடையாது. 'எந்த ஊர், எந்தத் தெரு'ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம தாத்தா பாட்டிக்கு இது கதையில வர்ற புதையல் மாதிரி இருந்திருக்கும். ஆனா அந்த வகுப்புல சேர்றவங்கள்ல பெரும்பாலானவங்க முடிக்கிறதில்லை. ஏன்?

ரீல்ஸ், சோம்பேறித்தனம்னு பழியைப் போட்டுட்டுப் போறது சுலபம். நான் கொஞ்சம் வரலாற்றைத் தோண்டிப் பாக்கலாம்னு நினைச்சேன். தோண்ட ஆரம்பிச்ச இடம், வேலூர் பக்கத்துல இருக்கிற விரிஞ்சிபுரம்.

ஒரு கோயில், ரெண்டு கல்

வேலூர்ல இருந்து ஆம்பூர் போற பக்கம், சுமார் 15 கிலோமீட்டர்ல, பாலாத்தங்கரையில இருக்கு விரிஞ்சிபுரம். காட்பாடி – ஜோலார்பேட்டை ரயில் பாதையில ஒரு சின்ன ஸ்டேஷன். மேற்கே போனா ஆம்பூர், வாணியம்பாடி. கிழக்கே போனா மேல்விஷாரம், ராணிப்பேட்டை. அதாவது, தோல் பதனிடும் தொழிலும் ஷூ கம்பெனிகளும் நிறைஞ்ச பாலாற்றுப் பகுதியோட நடுவுல இருக்கிற ஊர்.

இங்க இருக்கிற பெரிய சிவன் கோயில்ல சாமி பேரு மார்க்கபந்தீஸ்வரர். தமிழ்ல வழித்துணைநாதர். மிளகு மூட்டையோட காஞ்சிபுரம் போன ஒரு வியாபாரி, திருடர் பயத்துல இங்க வந்து வேண்டிக்கிட்டார். சாமியே குதிரை வீரன் வேஷத்துல கூடப் போனார்னு தலபுராணம் சொல்லும். வழியைக் காட்டுற சாமி நிறைய ஊர்ல உண்டு. கூடவே நடந்து வர்ற சாமி இங்க. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்தக் கோயில்ல ரெண்டு கல்லைப் பத்திச் சொல்லணும்.

முதல் கல்லு ஒரு கல்வெட்டு. 1425 வாக்குல, விஜயநகர அரசர் தேவராயர் காலத்துல வெட்டுனது. படைவீடு ராஜ்யத்துல எல்லா வித்தைகளும் கற்ற பெரியவர்கள் கூடி ஒரு முடிவு எடுக்கிறாங்க. கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர் என எந்தப் பிராமணரா இருந்தாலும் கல்யாணத்தைக் கன்னிகாதானமாத்தான் நடத்தணும். பொன் வாங்கிட்டுப் பொண்ணு குடுத்தாலும், பொன் குடுத்துப் பொண்ணு எடுத்தாலும் அரச தண்டனை, சமூக விலக்கு. சமூக வரலாறு படிக்கிறவங்க வரதட்சணை விஷயத்துக்காக இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவாங்க. எனக்குக் கண்ணுல பட்டது வேற. 'எல்லா வித்தைகளும் கற்றவர்கள்'னு சொல்லும்போது, அந்தக் கூட்டத்துல இருந்த எல்லாரும் ஒரே சமூகம். மொழி நாலு, ஆனா கதவு ஒண்ணு. அந்தக் கதவு மத்தவங்களுக்குப் பூட்டியிருந்தது.

ரெண்டாவது கல்லு, தெற்குப் பிராகாரத்துல இருக்கிற மணி காட்டும் கல். பிறை நிலா வடிவத்துல எண்கள் செதுக்கியிருக்கும். மேல இருக்கிற பள்ளத்துல ஒரு குச்சியை வச்சா, நிழல் எந்த எண்ணு மேல விழுதோ அதுதான் மணி. வானியல் அறிவு வெட்டவெளியில கிடக்கு, பாக்கக் காசு கேக்கறதில்லை. ஆனா குச்சியை எங்க வைக்கணும், நிழலை எப்படிப் படிக்கணும்னு பக்கத்துல நிக்கிற ஒருத்தர் சொன்னாத்தான் அது கடிகாரம். இல்லேன்னா வெறும் கல்லு.

இலவசக் கல்வியோட வரலாற்றை நான் மூணு பூட்டாப் பிரிச்சுப் பாக்கறேன். உள்ள விடுவாங்களா? காசு இருக்கா? கூட யாரு வர்றாங்க? முதல் ரெண்டு பூட்டையும் உடைக்கப் பல நூறு வருஷம் ஆச்சு. மூணாவது இன்னும் தொங்கிட்டுத்தான் இருக்கு.

சட்டாம்பிள்ளை லண்டன் போன கதை

1822-ல மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல அவர் எழுதின குறிப்புல கணக்கு இருக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இதுல பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. அந்தப் பள்ளிகள் பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். ஒரே வாத்தியார், எல்லா வயசுப் பசங்களும் ஒண்ணா. எப்படிச் சமாளிச்சார்? சட்டாம்பிள்ளை மூலமா. மூத்த பையன் சின்னப் பசங்களுக்கு மணல்ல எழுத்துப் போட்டுக் காட்டுவான், பாடம் ஒப்பிக்க வைப்பான், யாரு வரலைன்னு பாத்துச் சொல்லுவான்.

இந்த ஏற்பாட்டைக் கணக்கெடுப்புக்கு முப்பது வருஷம் முன்னாடியே ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கவனிச்சுட்டார். அவர் பேரு ஆண்ட்ரூ பெல், பாதிரியார். 1789-ல எழும்பூர்ல இருந்த ஆண் அனாதை இல்லத்தோட பொறுப்பை எடுத்துக்கிட்டார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள் படிச்ச இடம் அது. ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்ல எழுதிப் பழகறதைப் பாத்தார். தன் பள்ளியிலயும் அதைச் செய்யச் சொன்னார். அங்க இருந்த ஆசிரியர்களுக்கு அது ஒத்துவரலை. பெல் என்ன பண்ணார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன்னு எட்டு வயசுப் பையன் கையில அந்த வகுப்பைக் குடுத்துட்டார். பையன் நடத்திக் காட்டினான்!

பெல் ஊர் திரும்பி, 1797-ல லண்டன்ல இதை ஒரு சின்னப் புத்தகமா வெளியிட்டார். அதே சமயத்துல ஜோசப் லங்காஸ்டர்னு ஒருத்தரும் லண்டன்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு இதே பாணியில பள்ளி நடத்தினார். ஒரே வாத்தியார், நூத்துக்கணக்கான பிள்ளைங்க, நடுவுல மூத்த மாணவர் படை. செலவு ரொம்பக் கம்மி. இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான பள்ளிகள் இந்த வழியில நடந்துச்சு, அமெரிக்கா வரைக்கும் போச்சு. அதுக்குப் பேரே 'மெட்ராஸ் முறை'. பெல் விட்டுப்போன சொத்துல ஸ்காட்லாந்தோட செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல கட்டின பள்ளி இன்னைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'ங்கிற பேர்லதான் இருக்கு.

இந்த முறையை ரொம்பவும் புகழ வேண்டாம். மனப்பாடம்தான் அதிகம், கேள்வி கேக்க இடம் கம்மி. ஆனா ஒண்ணு கவனிங்க. மலிவாப் பல பேருக்குப் பாடம் சொல்லணும்னு உலகம் முதல்ல யோசிச்சப்போ, நம்ம ஊர்ல இருந்து கத்துக்கிட்டது ரெண்டு விஷயம். ஒரே ஆசிரியரை வச்சு நூறு பேருக்குப் பாடம். அந்த நூறு பேருக்கும் பக்கத்துலயே ஒரு சட்டாம்பிள்ளை.

தபால், டிவி, ஹார்ட் டிஸ்க்

இப்போ வேகமா 20-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1962-ல டெல்லி பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்குச்சு. தமிழ்நாட்டுல மதுரை, அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்கள் 70-கள், 80-கள்ல அதே வழியில வந்தாங்க. வேலைக்குப் போயிட்டே பி.ஏ. முடிச்ச அத்தை, சித்தப்பா எல்லாம் உங்க வீட்டுலயும் இருப்பாங்க. அவங்களைக் கேட்டுப் பாருங்க, தபால்ல வந்த புத்தகத்தை விட 'கான்டாக்ட் கிளாஸ்'ல சேர்ந்த நண்பர்களைத்தான் அதிகம் ஞாபகம் வச்சிருப்பாங்க. 1984 ஆகஸ்ட் 15-ல இருந்து பல்கலைக்கழக மானியக் குழுவோட பாடங்கள் தூர்தர்ஷன்ல வர ஆரம்பிச்சது. 1985-ல இக்னோ வந்துச்சு.

2001 ஏப்ரல்ல அமெரிக்காவோட எம்ஐடி ஒரு அறிவிப்பு விட்டுச்சு: எங்க பாடக் குறிப்புகளை எல்லாம் இணையத்துல இலவசமாப் போடப் போறோம். உலகமே ஆச்சரியப்பட்டுச்சு. நம்ம ஊர்லயும் அதே சமயத்துல இப்படி ஒரு பேச்சு ஓடிட்டுத்தான் இருந்தது. 2003-ல ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கினாங்க. அதோட முக்கிய மையம் சென்னை ஐஐடி. அப்போ இயக்குநரா இருந்த எம்.எஸ். ஆனந்த் இதுக்குப் பெரிய உந்துதல்.

அவங்க முன்னாடி இருந்த பிரச்சினை ரொம்ப நேரானது. நாடு முழுக்கப் பொறியியல் கல்லூரிகள் முளைச்சுட்டே இருந்துச்சு, நல்ல ஆசிரியர்கள் அந்த அளவுக்கு இல்லை. அதனால ஐஐடி வகுப்பை வீடியோவா எடுத்து எல்லாருக்கும் குடுப்போம்னு முடிவு. அன்னைக்கு நெட் வேகம் எப்படி இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும். கல்லூரிகளுக்கு வீடியோவை ஹார்ட் டிஸ்க்குல காப்பி பண்ணி அனுப்பினாங்க. அப்புறம் யூடியூப் வந்து அந்த வேலையை எடுத்துக்கிச்சு.

2017 ஜூலை 9 அன்னைக்கு மத்திய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்குச்சு. பொறியியலும் அறிவியலும் என்பிடெல் பொறுப்பு. மேலாண்மைக்கு ஐஐஎம் பெங்களூரு. ஆசிரியர் பயிற்சிக்கு நம்ம தரமணியில இருக்கிற தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம். கலைப் பாடங்கள், பள்ளிப் பாடங்கள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு அமைப்பு. ஒரு செமஸ்டர்ல 40% பாடம் வரைக்கும் ஸ்வயம்ல படிச்சு மதிப்பெண்ணுக்குக் கணக்கு வச்சுக்கலாம்னு 2021-ல மானியக் குழு விதியும் போட்டாச்சு.

ரெண்டு பூட்டும் உடைஞ்சது. யாரு வேணா உள்ள வரலாம், காசு வேண்டாம். இனிமே என்ன கஷ்டம்?

3.13

2011-ல ஸ்டான்ஃபோர்டுல செபாஸ்டியன் துருனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்துல திறந்து விட்டாங்க. ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் சேர்ந்தாங்க. 'இனிமே பல்கலைக்கழகமே தேவையில்லை'ங்கிற அளவுக்குப் பேச்சு ஓடுச்சு.

2019-ல சயின்ஸ் இதழ்ல எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்தின இணைய வகுப்புகள்ல, 2017-18-ல சேர்ந்தவங்கள்ல முடிச்சவங்க 3.13%. நூத்துல மூணு பேர்! சான்றிதழுக்குப் பணம் கட்டினவங்களை மட்டும் எடுத்தா 46%. சேர்ந்தவங்கள்ல பெரும்பாலானவங்க வசதியான நாட்டுக்காரங்க. யாருக்காகத் திறந்தோம்னு சொன்னாங்களோ, அவங்க ரொம்பக் கொஞ்சம்.

'பாத்தீங்களா, காசு வாங்கினாத்தான் படிப்பாங்க'ன்னு சிலர் இதுக்கு அர்த்தம் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். முடிக்கணும்னு ஏற்கனவே முடிவு பண்ணவங்கதான் பணம் கட்டுவாங்க. அந்த முடிவு எங்க இருந்து வருது? வீட்டுல ஏற்கனவே படிச்சவங்க இருந்தா வரும். 'இதை முடிச்சா இந்த வேலை கிடைக்கும்'னு சொல்ல ஒரு அண்ணனோ அக்காவோ இருந்தா வரும். வழித்துணை இருக்கிறவங்களுக்கு இலவசம் வேலை செய்யுது. இல்லாதவங்களுக்கு அந்தக் கதவு திறந்தே கிடக்கு, அவ்வளவுதான்.

பெல் மெட்ராஸ்ல இருந்து எடுத்துட்டுப் போனது ரெண்டு விஷயம்னு சொன்னேன் இல்லையா? இணையம் அதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிச்சு. ஒரு ஆசிரியரை லட்சம் பேர் பாக்கலாம். சட்டாம்பிள்ளையை விட்டுட்டாங்க.

என்பிடெல் இதை ஓரளவு உணர்ந்துச்சுன்னு நினைக்கிறேன். 2014-ல இருந்து அவங்க சான்றிதழ் வகுப்புகளுக்கு நேரக் கட்டுப்பாடு வச்சாங்க. 4, 8, 12 வாரம். வாராவாரம் அசைன்மென்ட். 12 வாரப் பாடத்துல நல்லா வந்த 8 அசைன்மென்ட்டுக்கு 25%, மீதி 75% நேர்ல போய் எழுதுற தேர்வுக்கு. படிக்க இலவசம், தேர்வுக்கு மட்டும் ஒரு கட்டணம். கல்லூரிகள்ல 'லோக்கல் சாப்டர்'னு வச்சு, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஆசிரியரைப் பொறுப்பாளர் ஆக்கினாங்க. அசைன்மென்ட் போட்டாச்சா, தேர்வுக்குப் பதிவு பண்ணியாச்சான்னு பசங்களைத் துரத்துற ஆள் அவர்தான். கிட்டத்தட்ட சட்டாம்பிள்ளை திரும்ப வந்த மாதிரி.

தமிழ்ல வந்த துணை

தமிழுக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. 1998 பொங்கல் அன்னைக்கு, சுவிட்சர்லாந்துல இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செஞ்சு, பிழை பாத்து, இலவசமா இணையத்துல ஏத்தினாங்க. எம்ஐடி அறிவிப்புக்கு மூணு வருஷம் முன்னாடி! 1999-ல சென்னையில நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டை ஒட்டி அறிவிப்பு வந்து, 2001-ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்துச்சு. இன்னைக்கு அதுதான் தமிழ் இணையக் கல்விக்கழகம். அவங்க மின்னூலகம் இலவசம். வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்க, அந்தந்த ஊர்லயே தொடர்பு மையங்களையும் வச்சாங்க. பாடம் சென்னையில இருந்து வரும், பக்கத்துல உக்காந்து படிக்க வைக்கிற ஆள் அந்த ஊர்ல இருப்பார்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சுல பள்ளிகள் மூடினப்போ தமிழ்நாட்டுல கல்வித் தொலைக்காட்சி ஏற்கனவே இருந்தது. 2019 ஆகஸ்ட்லயே தொடங்கினது. பாடம் வீட்டுக்குள்ள வந்துச்சு. ஆனா ஒன்றரை வருஷம் கழிச்சுப் பள்ளி திறந்தப்போ, எழுத்துக் கூட்டிப் படிக்கவே மறந்த பிள்ளைங்க நிறைய. அப்போ அரசு செஞ்சது என்ன? 2021 அக்டோபர்ல 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்குச்சு. தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் தெருவுலயே இருபது பிள்ளைங்களை உக்கார வச்சுப் பாடம் சொல்லிக் குடுத்தாங்க. சுமார் 2 லட்சம் பேர். மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணையும் சட்டாம்பிள்ளையும் 200 வருஷம் கழிச்சுத் திரும்பி வந்த மாதிரி, இந்தத் தடவை அக்காவா.

கம்பெனி பஸ்ல ஒரு பொண்ணு

இப்போ பாலாத்தங்கரைக்குத் திரும்புவோம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் காலையில ஷூ கம்பெனி பஸ்ஸுங்க வரிசையா ஓடும். உள்ள பெரும்பாலும் பெண்கள். அதுல பிளஸ் டூ முடிச்சுட்டு அப்பர் தைக்கிற லைன்ல உக்கார்ற ஒரு பொண்ணை நினைச்சுக்குங்க. அவ கையிலயும் போன் இருக்கு. ஸ்வயம் அவளுக்கும் இலவசம்தான். ஆனா லோக்கல் சாப்டர் கல்லூரியில இருக்கு, அவ கல்லூரியில இல்லை. பாடம் பெரும்பாலும் இங்கிலீஷ்ல. என்பிடெல் சில பாடங்களைத் தமிழ்ல எழுத்து வடிவமாத் தருது, ஆனா அது இருக்குன்னு அவளுக்குச் சொல்ல ஆள் வேணும். ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அடுப்படி வேலை.

தொழில் பக்கத்துல முயற்சி இல்லாம இல்லை. 1948-ல அடையாறுல தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல தலைமுறை தொழில்நுட்பாளர்களை உருவாக்கியிருக்கு. 2022 செப்டம்பர்ல அதே வளாகத்துல தோல் தொழிலாளர்களுக்காக 'ஸ்கேல்'ங்கிற செயலியை மத்திய கல்வி அமைச்சர் வெளியிட்டார். பயிற்சி, தேர்வு, சான்றிதழ், வேலை எல்லாம் ஒரே இடத்துல. நல்ல விஷயம். நான் கேக்கறது, அந்தப் பொண்ணுக்குத் தோல் மட்டும்தானாங்கிறது. அவளுக்குக் கணக்குப் பதிவியல் பிடிக்கலாம், வானியல் பிடிக்கலாம், சட்டம் பிடிக்கலாம்.

சட்டம்னு சும்மா சொல்லலை. 1996 ஆகஸ்ட் 28 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் 'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு. பாலாத்துல கலந்த தோல் ஆலைக் கழிவு பத்தின வழக்கு. 'மாசுபடுத்துறவரே செலவை ஏத்துக்கணும்', 'பாதிப்பு வரும் முன்னாடியே காக்கணும்'ங்கிற ரெண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்துல உறுதியா நிறுத்தின தீர்ப்பு அது. சுற்றுச்சூழல் சட்டம் நடத்துற எந்த இந்திய வகுப்புலயும், இணைய வகுப்பு உள்பட, இந்த வழக்கைத் தொடாமப் போக முடியாது. அவ ஊர் ஆத்தைப் பத்தின பாடம் இந்தியா முழுக்க இலவசமா ஓடிட்டிருக்கு. அவளுக்கு அது எட்டணும், இல்லையா?

அப்போ என்ன பண்ணலாம்?

1948 பத்தி இன்னொரு விஷயம். அதே வருஷம்தான் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்துச்சு. சுதந்திர இந்தியாவுல முதல் நூலகச் சட்டம் அதுதான். சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருஷம் போராடினதோட பலன். நாம கட்டுற வீட்டு வரியோட நூலக வரியும் சேர்ந்துதான் போகுது. ஊர்ல ஒரு நூலகம், நாற்காலி, மின்விசிறி, பொறுப்புக்கு ஒருத்தர். லோக்கல் சாப்டர் கல்லூரியில மட்டும் இருக்கணும்னு என்ன கட்டாயம்? ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம், கிளை நூலகத்துல, ஒரே பாடத்தைப் படிக்கிற ஆறு பேர் உக்காரலாமே. அதுல முன்னாடியே அந்தப் பாடத்தை முடிச்ச ஒருத்தர் சட்டாம்பிள்ளை. இதுக்குப் புதுச் செயலி வேண்டாம்.

நகரத்துல இருந்து இதைக் கேக்கற உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்கள்ல ஒருத்தர் ஒரு வகுப்பை முடிச்சிருப்பீங்க. சான்றிதழை லிங்க்ட்இன்ல போட்டிருப்பீங்க, சந்தோஷம். அடுத்த தடவை அதே வகுப்பு திறக்கும்போது, உங்க ஊர்ல இருக்கிற ஒரு தம்பிக்கோ தங்கச்சிக்கோ பன்னிரண்டு வாரம் வாராவாரம் ஒரு போன் போடுங்க. 'அசைன்மென்ட் போட்டியா'ன்னு கேளுங்க. பாடம் ஐஐடியில இருந்து வந்துடும். அந்தக் கேள்வி உங்ககிட்ட இருந்துதான் வரணும்.

அடுத்த எபிசோட்ல ரங்கநாதனையும், மாட்டு வண்டியில ஓடின நூலகங்களையும் பத்திப் பேசலாம்.